பிரண்டையின் பெருமை

வேலியில் தானாகப் படரும் பொருளுக்கு மதிப்பு ஏது? பிரண்டையின் துரதிர்ஷ்டமும் அதுவே. ஆயினும் நம் முன்னோர் அதை அலட்சியம் செய்தாரில்லை. சிராத்தத்துக்கு 1008 கறிகள் கேட்ட விசுவாமித்திரருக்கு அருந்ததி கணக்குக் காட்டிய கதையை அறிவீர்களன்றோ? பாகற்காய் 100, பிரண்டை 300, பலா 600. பாக்கி எட்டே கறிகள்!

எங்கள் வீட்டில் துவையல்தான் வழக்கம். இளந்தண்டையே பறித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரிக்க வேண்டும். தண்டிலுள்ள கால்ஸியம் ஆக்ஸலேட் என்னும் ஊசிப் படிகங்களே அரிப்புக்குக் காரணம். எண்ணெயில் நன்றாக வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி சேர்த்து அரைத்தால் நாக்குப் பிழைக்கும். புளியைக் குறைத்தாலோ தொண்டை நமநமக்கும்.

வடமொழியில் இதற்கு 'அஸ்திசிருங்கலா', அதாவது எலும்புச் சங்கிலி என்று பெயர். என் தமையனார் சிறு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து முன்கையை முறித்துக்கொண்டபோது, பிரண்டையை அரைத்துக் கட்டினால் போதும் என்றார் பாட்டியார். தகப்பனாரோ வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். மாவுக்கட்டுடன் திரும்பிய பேரனுக்குப் பாட்டியார் ஆறு வாரமும் துவையல் ஊட்டினார். கை நேராகக் கூடியது. வெற்றி யாருடையது என்ற வழக்கு எங்கள் குடும்பத்தில் இன்னும் தீரவில்லை.

1960-களில் காசி ஹிந்து சர்வகலாசாலையில் டாக்டர் கே. என். உடுப்பா முதலியோர் பிராணிகளிடம் சோதித்து, முறிந்த எலும்பு விரைவில் கூடப் பிரண்டை துணைசெய்வதாகக் கண்டனர். எனவே பாட்டியார் சொன்னது வெறும் பேச்சன்று. ஆனால் விலகிய எலும்பைப் பொருத்தி நிறுத்தும் சக்தி எந்தக் கொடிக்கும் இல்லை. பற்றுப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தினால் கை கோணலாகவே கூடிவிடும். முதலில் வைத்தியர், பிறகு துவையல் என்பதே என் தீர்ப்பு.

ஒரு கணுவை வேலியோரம் ஊன்றிப் பாருங்கள். அது தண்ணீர்கூட அதிகம் கேட்காது.