கட்டிலடியில் ஒரு ஜீவன்

சென்ற மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலால் மும்பை மாட்டுங்கா வீட்டில் நான் படுத்த படுக்கையாகிவிட்டபோது, உறவினர்களெல்லாம் கைபேசியில் க்ஷேமம் விசாரித்து ஓய்ந்த பிறகும், கட்டிலடியை விட்டு நகராமல், நான் புரண்டால் காதை நிமிர்த்தியும், நான் கஞ்சி குடித்த பின்னரே தன் தட்டில் வாய் வைத்தும் எனக்குத் துணையிருந்த ஜீவன், தாராவி 90 அடி ரோட்டில் குட்டியாக அகப்பட்ட எங்கள் நாய் கறுப்பன்தான். இதை வெறும் அபிமானப் பேச்சென்று தள்ளுவோருக்கு ஒரு செய்தி: ஹிருதய நோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களை ஓராண்டு கவனித்து, அமெரிக்காவில் எரிக்கா ஃப்ரீட்மன் குழுவினர் 1980-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தார்கள். சிறிய கணக்குதான், நாயின் சகவாசம் மருந்தாகிவிடாது. (டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நான் விடாமல் விழுங்கினேன்.) ஆனால் அந்த ஈர மூக்கின் ஸ்பரிசம் இல்லாவிட்டால் எழுந்து உட்காரும் உற்சாகம் எனக்கு வந்திராது.

பிறகு கறுப்பனுக்கே வயிறு கெட்டபோது, சர் தின்ஷா பெட்டிட் 19-ஆம் நூற்றாண்டிலேயே தம் மனைவி சகர்பாய் பெயரால் பரேலில் ஸ்தாபித்த பிராணிகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருநாய்களுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. அடிபட்ட நாயைக் கண்டால் தயவுசெய்து கடந்து போய்விடாதீர்கள்.