முதலில் எடையைச் சொல்

பேராண்டி, போன வாரம் நீ போனில் காட்டிய மோட்டார்கள் என் நினைவை விட்டுப் போகவில்லை. "தாத்தா, இது 2200 கே.வி., அது வெறும் 1000தான். பெருசையே வாங்கிடலாமா?" என்று கேட்டாய். உன் குட்டி விமானம் என்ன எடை என்று நான் கேட்டதும் உன் முகம் வாடிவிட்டது. எடை தெரியாதது குற்றமில்லை. தெரிந்துகொள்வதற்கு முன் மோட்டார் வாங்குவதுதான் தப்பு.

நாற்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டிய கை இது. நீ காட்டிய இரண்டுமே 2212தான். உள்ளே கம்பி சுற்றியிருக்கும் இரும்பு 22 மில்லிமீட்டர் விட்டம், 12 மில்லிமீட்டர் உயரம். உடம்பு ஒன்றுதான். ஆனால் ஒன்றில் 13 டி, மற்றதில் 6 டி என்று போட்டிருந்ததே, பார்த்தாயா? அதுதான் கம்பியின் சுற்று. 13 சுற்று போட்டால் ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 1000 முறை சுழலும். 6 சுற்று போட்டால் 2200 முறை. பெருக்கிப் பார், இரண்டும் 13,000 பக்கத்தில் வந்து நிற்கும். வேகத்தைக் கூட்டினால் அதே ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கு குறைந்துவிடும். கே.வி. என்பது பலத்தின் அளவு இல்லை, கண்ணு. அது சுழலும் குணம். சின்ன புரொப்பல்லரை வெறித்தனமாகச் சுற்ற 2200, பெரிய புரொப்பல்லரை நிதானமாகச் சுற்ற 1000.

என் காலத்து மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும், பொறி பறக்கும். 1962இல் அமெரிக்காவில் வில்சன், டிரிக்கி என்ற இருவர், கார்பன் செய்த வேலையை மின்னணுச் சுவிட்சுக்குக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். உன் மோட்டாரும், நம் வீட்டுக் கூடத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனும் அந்த வம்சம்தான். கம்பி நடுவில் அசையாமல் நிற்கும், காந்தம் ஒட்டிய கூடு வெளியே சுற்றும். மூன்று ஒயரில் எதற்கு எப்போது கரண்ட் கொடுப்பது என்பதை இ.எஸ்.சி. என்ற சின்னப் பலகை பார்த்துக்கொள்ளும்.

இருபத்திரண்டு வயதில் நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. சிநேகிதன் படகு எல்லோரையும் முந்த வேண்டும் என்று, அதன் இன்ஜினுக்குப் பெரிய புரொப்பல்லர் மாட்டிவிட்டேன். முகத்துவாரத்துக்குப் போவதற்குள் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. அந்த வருஷம் இறால் பருவம் முழுக்க அவன் கோல் ஊன்றித்தான் படகு ஓட்டினான். இன்ஜின் மட்டம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். என் கைத்தப்பு என்று அவனிடம் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

காற்றிலும் அதே கதைதான். 10 அங்குலத்துக்குப் பதில் 11 அங்குலம் மாட்டி அதே வேகத்தில் சுற்றினால், தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். ஓர் அங்குலம்தானே என்று நினைப்பாய். மோட்டாருக்குள் வார்னிஷ் கருகும் வாசனை வரும்போதுதான் புரியும்.

நேற்று உன் அம்மா விமானத்தை மீன் தராசில் வைத்துப் பார்த்தாளாம். பேட்டரியோடு 570 கிராம் என்றாள். மோட்டார், இ.எஸ்.சி., புரொப்பல்லர் எல்லாம் சேர்த்து 80 கிராம் வை. 650 ஆயிற்று. பழகுகிற விமானத்துக்குக் கிலோவுக்கு 200 வாட் இருந்தால் தாராளம். உனக்கு 130 வாட் போதும். மூன்று செல் லிப்போ பேட்டரி 11.1 வோல்ட். வகுத்தால் 12 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. 2212 மோட்டார் பலவற்றின் தாளில் '12 ஆம்பியர், 60 நொடி' என்றுதான் எழுதியிருக்கும். அந்த 60 நொடியைப் படிக்காதவர்கள்தான் மோட்டாரை எரிக்கிறார்கள்.

ஆகவே நிதானமாகப் பறந்து பழக 13 சுற்று, 1000 கே.வி. 9 அங்குல புரொப்பல்லரில் தொடங்கு. இ.எஸ்.சி. 20 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும். வாட்மீட்டரைப் பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவில் மாட்டி, முழு வேகத்தில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுத்துப்போக வேண்டும். பூநாரை கிளம்பும்போது கவனித்திருக்கிறாயா? தண்ணீர் மேல் ஓடி ஓடி, இறக்கையை முழு மூச்சாக அடித்து எழும். மேலே போனபின் அதன் அடி நிதானமாகிவிடும். முழு வேகம் உனக்கும் அந்தக் கிளம்பும் நேரத்துக்கு மட்டும்தான்.

நம் ஊர் ஏரிப் பக்கம் மட்டும் பறக்கவிடாதே. அது பறவைகள் சரணாலயம், அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். எங்கே பறக்கவிடலாம் என்று விசாரித்து நானே கூட்டிப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. புரொப்பல்லர் மட்டும் தனியாக இருக்கட்டும், மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் பயப்படாதே. மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.