ஆய்வுகூடத்தில் நாற்பது ஆண்டுகள்

இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் எழுதியபோது, எதனைப் பற்றி எழுதுவதென்று யான் சிறிது மயங்கினேன். "உமது ஆராய்ச்சியைப் பற்றி எழுதுமன்" என்றார் மலர்க்குழுவிலுள்ள எனது வகுப்புத் தோழர். அவரே பின்னர், "உமது ஆராய்ச்சிதான் என்ன? ஒருமுறை புற்றுநோய் என்கிறீர், ஒருமுறை காய்ச்சற் கிருமி என்கிறீர், இப்போது ஏதோ மின்கருவி என்கிறீர்" என்று குறைபட்டுக்கொண்டார். அக்குறை நியாயமானதே. மூலக்கூற்று உயிரியலில் நாற்பதாண்டு கழித்த யான் மூன்று கடைகளில் மாறி மாறிக் கணக்கெழுதியவன் போலவே காணப்படுவேன். அத்தோழருக்குக் கூறும் மறுமொழியாகவே இதனை எழுதுகின்றேன். அதற்கு நம் கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடத்திலிருந்து தொடங்கவேண்டும்.

1973 ஆம் ஆண்டு யாம் உயர்தர வகுப்பிற் பயின்ற காலம். எங்கள் விலங்கியல் ஆசான் ஒருநாள் ஆளுக்கொரு குச்சியைத் தந்து, கன்னத்தின் உட்புறத்தை மெல்ல வழித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசி, மெதிலீன் நீலம் ஒரு துளி விடச் செய்தார். நுணுக்குக்காட்டிகள் இரண்டே இருந்தமையால் வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது, வெளிறிய நீலத்தில் உடைந்த ஓடுகள் போன்ற கலங்களும், ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலப் பொட்டாகக் கருவும் தெரிந்தன. "உள்ளே தெரிவது நீர்தான்" என்றார் ஆசான். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். யான் கண்ணை எடுக்க மனமின்றி நின்றேன். என் வாழ்க்கைத் தொழில் அன்றே முடிவாயிற்று எனலாம்.

எந்தையார் வெற்றிலைப் பிரியர். மதியச் சாப்பாடு முடிந்தால் தட்டமும் பாக்குவெட்டியும் சுண்ணாம்புச் செப்பும் அவர் பக்கத்தில் வந்துவிடும். எங்கள் தோட்டத்துப் புகையிலையில் ஒரு துண்டும் சேரும். 1976 இல் பல்கலைக்கழக விடுமுறையில் யான் வீட்டில் நின்றபோது ஒருநாள் மாலை என்னை அழைத்து, "தம்பி, ரோச்சைப் பிடிச்சு உள்ளுக்கு ஒருக்காப் பார். எரியுது" என்றார். இடக் கன்னத்தின் உள்ளே பெருவிரல் நகமளவில் வெண்மையான தழும்பொன்று இருந்தது. "சுண்ணாம்பு சுட்டிருக்கும், ஐயா" என்றேன். உயிரியல் படிக்கும் மகன் சொன்னமையால் அவர் அதனை நம்பினார். அடுத்த ஆண்டின் இறுதியில் அது புண்ணாகிக் கழுத்திலும் கட்டி தோன்றிய பின்னரே யாழ்தேவியிற் கொழும்புக்கும், அங்கிருந்து மகரகமைக்கும் கொண்டு சென்றோம். 1978 ஆவணியில் அவர் காலமானார். என் கன்னத்துக் கலங்களை நுணுக்குக்காட்டியிற் கண்டு வியந்தவன், மூன்றே ஆண்டின் பின் எந்தையின் கன்னத்திற் கண்டது இன்னதென்று அறியாதிருந்தேன். இதனை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

ஆகவே புற்றுநோய் ஆராய்ச்சிக்கு யான் போனது பெருநோக்கம் எதனாலும் அன்று. மேனாட்டிலே ஆய்வு மாணவனாகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது பி-53 என்னும் புரதம். கலத்திலுள்ள டி.என்.ஏ. பழுதடைந்தால், கலம் பிரிவதை நிறுத்துவதும், பழுது தீராதாயின் அக்கலத்தையே மாளச் செய்வதும் அதன் தொழில்களாம். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அது கெட்டிருக்கின்றது. அப்புரதம் 1979 இல் கண்டுபிடிக்கப்பட்டமையே ஒரு விந்தை. குரங்கு வைரசு ஒன்றின் புரதத்தை ஆராய்ந்தவர்கள், அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறொன்றாக இதனைக் கண்டார்கள். புற்றுநோயைத் தேடிப் போனவன் தொற்றுநோயின் வாசலில் நின்றேன்.

இவ்விரண்டும் அயல்வீடுகள் என்பதை முதலிற் காட்டியவர் பெய்ற்றன் ரௌஸ் என்னும் அமெரிக்கர். கோழியொன்றின் கட்டியை அரைத்து, கலமோ பற்றீரியாவோ புகமுடியாத வடியினூடாக வடித்து, அந்நீரை வேறு கோழிக்கு ஊசியேற்றினார். அதற்கும் கட்டி வந்தது. 1911 இல் இதனை வெளியிட்டபோது நம்பினோர் சிலரே. 1966 இல், எண்பத்தேழாம் வயதில், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய வைரசுகள் ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யை எழுதும் நொதியமொன்றை உடையன என்று 1970 இல் தெமினும் பால்ற்றிமோரும் தனித்தனியே கண்டனர். 2020 இல் கொரோனாத் தொற்றைக் கண்டறிய உலகெங்கும் மூக்கில் எடுத்த சளியைச் சோதித்தார்களே, அச்சோதனையின் முதற்படியைச் செய்தது அவ்வினத்து நொதியமே. கோழிக்கட்டியை அரைத்தவர் இதனைக் கனவிலும் கண்டிரார்.

எனது பங்கு மிகச் சிறிது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் பப்பிலோமா வைரசின் ஓரினத்தை 1983 இல் சூர் ஹவுசன் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அவ்வைரசின் புரதமொன்று பி-53 ஐப் பற்றிப் பிடித்து அழிப்பிக்கின்றது. அப்பிடி எந்த இடத்தில் அமைகின்றது என்பதில் யான் பல ஆண்டுகளைச் செலவிட்டேன். இலங்கையில் 2017 முதல் பாடசாலைச் சிறுமியருக்கு அவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி இடப்படுகின்றது. அதற்கு என் ஆய்வு காரணமன்று. ஆயினும் என் தமக்கையின் பேர்த்தி ஊசி போட்டுக்கொண்டாள் என்ற கடிதம் வந்த அன்று நல்ல சாப்பாடு சமைத்தேன்.

ஒன்றையொன்று பற்றும் மூலக்கூறுகளைப் பார்த்துப் பழகியவனுக்கு, அப்பற்றுதலையே கருவியாக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. 1962 இல் லீலண்ட் கிளாக் என்பவர் அதற்கு வழிகாட்டினார். ஒட்சிசனை அளக்கும் மின்வாயின்மேல், குளுக்கோசை மட்டுமே தெரிந்தெடுத்து ஒட்சியேற்றும் நொதியத்தை மென்றகட்டால் அடக்கிவைத்தார். குளுக்கோசு கூடினால் நொதியம் ஒட்சிசனைக் கூடுதலாகச் செலவிடும், மின்னோட்டம் குறையும். இன்று சலரோகக்காரர் விரல்நுனியிற் குத்தி இரத்தச் சீனியைப் பார்க்கும் சிறுகருவி அதன் வழித்தோன்றலே. உயிருணரி என்று இவ்வகைக் கருவிகளைச் சொல்லலாம்.

நொதியம் எல்லாப் பொருளுக்கும் கிடையாது. 1990 இல் அமெரிக்காவில் இரு குழுவினர் வேறொரு வழி கண்டனர். அதனை நம் ஊர் மொழியிற் சொல்வேன். எழுத்துக்களைக் கண்டபடி கோத்த ஆர்.என்.ஏ. இழைகளில், கோடியைக் கோடியாற் பெருக்கினால் வரும் தொகையினை ஒரு சிறு குழாயில் எடுக்கிறோம். ஒவ்வோர் இழையும் தன் எழுத்துக்கேற்ப ஒவ்வொரு விதமாக மடியும். நாம் தேடும் புரதத்தை அதனுட் காட்டினால், எப்படியோ சில இழைகள் அதனோடு பொருந்திக்கொள்ளும். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, ஒட்டியவற்றைப் பெருக்கி, மீண்டும் காட்டி, மீண்டும் கழுவுகிறோம். சுளகிற் புடைப்பதுதான், பத்துப் பன்னிரண்டு முறை புடைத்தால் மணி மட்டும் நிற்கும். அப்ராமர் என்பது அம்மணியின் பெயர். டெங்குக் காய்ச்சலில் முதல் நாட்களிலேயே இரத்தத்தில் வரும் வைரசுப் புரதத்திற்கும் இவ்வாறு புடைத்தெடுக்கலாம். புற்றுநோய்க் கட்டியின் புரதத்திற்கும் எடுக்கலாம். இலங்கையில் 1,80,000 க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்ட 2017 ஆம் ஆண்டில் யான் முன்னதிற்கே நேரம் முழுவதையும் கொடுத்தேன். ஆயினும் என் நெஞ்சு பின்னதிலேயே இருந்தது. உமிழ்நீர் ஒரு துளியில் வாய்ப்புற்றின் தொடக்கத்தை அறியும் கருவி செய்யவேண்டும் என்பதே என் எண்ணம்.

பொன் மின்வாயில் இழைகளைப் பதித்துச் சுத்தமான உப்புநீரிற் சோதித்தோம், அழகாக வேலைசெய்தது. உமிழ்நீரிற் சோதித்தோம், ஒரு மணி நேரத்துள் ஊமையாயிற்று. வாயிலுள்ள நொதியங்கள் ஆர்.என்.ஏ.யைத் துண்டுதுண்டாக்கின, வழவழப்பான புரதங்கள் பொன்னை மூடின. இரசாயனமுறையில் இழைகளை வலுப்படுத்தி, இரண்டாண்டு உழைத்து அதனைச் சீர்செய்தோம். பின்னர் வெற்றிலை போடும் அன்பர் சிலரின் உமிழ்நீரைப் பெற்றுப் பார்த்தபோது சுண்ணாம்பின் காரமும் பாக்கின் சாயமும் கணக்கையெல்லாம் குழப்பிவிட்டன. அதுவரை யாம் சோதித்ததெல்லாம் வெற்றிலையையே காணாத மாணவரின் உமிழ்நீர்! யாருக்கென்று கருவி செய்தேனோ அவர் வாயை யான் மறந்திருந்தேன். இன்றும் அக்கருவி முடியவில்லை; இப்பொழுது என் மாணவர் கையில் இருக்கின்றது.

இதற்கிடையில் யான் வாசித்த இரண்டு ஆய்வுகள் என்னை உறங்கவிடவில்லை. சாதாரண சுகாதார ஊழியருக்குப் பயிற்சியளித்தால் வாயைப் பார்த்தே புற்றுக்கு முந்திய தழும்புகளை அவர்கள் கண்டறிவர் என்பதை இலங்கையிலேயே செய்து காட்டி, 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டிருந்தார்கள். எந்தையார் இறந்து ஆறு ஆண்டின் பின்! 1996 இல் திருவனந்தபுரத்தில் 1,90,000 பேரளவில் தொடங்கிய பெரிய ஆய்வோ, இவ்வாறு பார்ப்பதனாற் புகையிலை, மது பாவிப்போரிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றிலொரு பங்களவு குறைகின்றதென்று 2005 இற் காட்டிற்று. வேண்டிய கருவி வெளிச்சமும் பயின்ற கண்ணும். 1976 இல் வெளிச்சம் என் கையில் இருந்தது.

ஆய்வுகூடம் வேண்டாமென்று யான் சொல்வதாக மாணவர் கொள்ளற்க. கண்ணுக்குத் தழும்பு தெரியும். எத்தழும்பு கெடும், எது கெடாது என்பது தெரியாது. அதனை மூலக்கூறே சொல்லவேண்டும்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் வேலிக்கு அப்பால் வசிக்கும் பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு பக்கத்தாலேயே மெல்லுவதைக் கண்டேன். "அண்ணை, வாயை ஒருக்காத் திறவுங்கோ" என்று கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். "அது சுண்ணாம்பு சுட்டது, தம்பி" என்றார். இரண்டு நாள் வாதாடி வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்றேன். சிறுதுண்டு வெட்டிப் பார்த்தார்கள். புற்று இல்லை, ஆயினும் கலங்கள் ஒழுங்கு குலையத் தொடங்கியிருக்கின்றன என்றார்கள். ஆறு மாதத்துக்கொருமுறை காட்டவேண்டும். பாக்கும் புகையிலையும் கூடாது. தவணை தவறாமற் போகிறார் என்று அவர் மகன் எழுதுகின்றார். பாக்கை மட்டும் முற்றாக விடவில்லையாம்; தட்டத்தை நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாராம்.