மகள் கீறிய படம்

எங்கடினுக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த பாதைகள் இரண்டுதான். அறையிலிருந்து ஹோட்டேல் குசினிக்கு ஒன்று, ஸ்ரேசனுக்கு ஒன்று. பக்கத்திலிருந்த மோர்ட்டராட்ச் பனியாற்றைக்கூட ரெயின் யன்னலால் பார்த்ததோடு சரி.

அதை எனக்குச் சரியாகக் காட்டியவள் கல்லூரியில் படிக்கும் என் மகள். புவியியல் பாடத்துக்காக, சுவிஸ் அரசின் நில அளவை நிறுவனமான சுவிஸ்டோப்போவின் வரைபடத்தைக் கொம்பியூட்டரில் திறந்தாள். அதில் ஆண்டைப் பின்னுக்குத் தள்ளினால் 19ஆம் நூற்றாண்டின் டுஃபூர் வரைபடம் வரை போகலாம். 1908இல் மோர்ட்டராட்ச் ஸ்ரேசன் திறந்த காலத்தில் பனி அதற்குக் கிட்டவே இருந்தது. இன்று இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நடக்கவேண்டும். ஆசிரியர் தூரத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளே பழைய படத்திலும் புதிய படத்திலும் கோடு இழுத்து அளந்து, பிறகு அங்கே நடந்துபோயும் பார்த்தார்கள்.

"அப்பா, உங்கட ஊரையும் இப்பிடிப் பாப்பமே?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில். 1990 ஜூனில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. செய்மதிப் படத்தில் எங்கள் வளவு இருந்த இடத்தில் பற்றையைத்தான் கண்டேன். வீடு இல்லை. ஒழுங்கையும் இல்லை. கிணறு மட்டும் ஒரு வட்டப் பொட்டாகத் தெரிந்தது.

நான் பேசாமல் இருந்தேன். அவள் விடவில்லை. "கிணத்திலயிருந்து வாசல் எத்தனை அடி? கோயிலுக்கு எந்தப் பக்கத்தால போவீங்கள்?" நான் சொல்லச் சொல்ல அவள் படத்தின்மேல் கோடு கீறினாள். சரியாக நினைவில்லாததைக் கனடாவிலிருக்கும் அக்காவிடம் போனில் கேட்டோம். புளியமரம் எங்கே நின்றது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் சண்டையே வந்தது!

பனியாற்றுக் கட்டுரையோடு அந்தப் படத்தையும் மகள் வகுப்பில் காட்டினாள். டொச் சரியாக வராத தகப்பனிடமும் பிள்ளை படிக்க ஒரு பாடம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, இந்த வரைபடத்துக்குக் காசு இல்லை, கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம். முதலில் நீங்கள் இப்போது இருக்கும் இடத்தைப் பிள்ளைகளிடம் காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் ஊரை நீங்கள் அவர்களுக்குக் காட்டுங்கள். எங்கள் அம்மா இருந்திருந்தால் புளியமரச் சண்டை உடனே தீர்ந்திருக்கும்.