413 எங்கடா?

மாமாவோட ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தது அடியேன்தான். மைஎஸ்கியூஎல், இன்னோடிபி டேபிள். பில் நம்பருக்குத் தனியா எதுக்கு மெனக்கெடணும்னு, ஆட்டோ இன்கிரிமென்ட் ஐடியையே பில்லில் அச்சடிக்க விட்டுட்டேன்.

ஒரு நாள் மாமா போன் பண்ணார். "412-க்கு அப்புறம் 414 இருக்கு. 413 எங்கடா? இந்தப் பய பில்லைக் கிழிச்சுப் போட்டுட்டு காசை அமுக்கிட்டானா?" பில் போடற பையனை ரெண்டு நாளா நிக்க வெச்சுக் கேள்வி கேட்டிருக்கார்.

தூக்கிவாரிப் போட்டுச்சு. லாகைத் திறந்து பார்த்தா, அந்த நேரத்துல ஸ்டாக்கைக் குறைக்கறப்ப எர்ரர். பில் மொத்தமா ரோல்பேக் ஆகியிருக்கு. ஆனா இன்னோடிபி ஒருதடவை எடுத்த நம்பரைத் திருப்பி வைக்காது. ஒருத்தர் பில் முடியற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. ரெண்டு வரிக்கு ஒரே ஐடி வராம பார்த்துக்கறதுதான் அதோட வேலை. விட்டுப்போகாம எண்றது இல்ல.

இப்போ பில் நம்பருக்குத் தனி டேபிள். அதுல ஒரே வரி, கடைசி நம்பர். பில் சேர்க்கற அதே டிரான்சாக்‌ஷன்ல அந்த வரியைப் பூட்டி, ஒண்ணு கூட்டறேன். பில் ரோல்பேக் ஆனா நம்பரும் பின்னாடியே வந்துடும். ஐடி உள்ளுக்குள்ள மட்டும்.

நேர்ல போய் அந்தப் பையன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணே"ன்னான், முகத்தைப் பார்க்காம.

நீங்களும் இப்படி எங்கேயாவது வெச்சிருந்தா, இன்னிக்கே மாத்திடுங்க மக்களே.