எதைச் சார்ந்து மூன்று மைல்?

சமூக ஊடகத் தமிழில் 'ட்ரோல்' என்பது ஏளனத்தைக் குறிக்கும் சொல்லாக வேரூன்றிவிட்டது. கேட்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது பாலத்தடியில் பதுங்கியிருக்கும் ஸ்காண்டிநேவியக் கதைப் பூதமாக இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் இச்சொல்லின் இணையப் பொருளுக்கு வேறொரு மூலமும் சுட்டப்படுகிறது. ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துச் சென்று, எந்த மீன் கவ்வுகிறது என்று காத்திருக்கும் தூண்டில் முறையே அது. வலையை இழுக்கும் 'ட்ராலிங்' வேறு. தூண்டிலை இழுக்கும் 'ட்ரோலிங்' வேறு. முன்னதில் மீனின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. பின்னதில் கவ்வுவதும் விடுவதும் மீனின் பாடு. 'எந்த வேகத்தில் இழுப்பது' என்ற கேள்வி அங்கே ஓயாத வாதமாவது அதனால்தான்.

அந்த வாதம் மிகக் கூர்மையடைவது விஸ்கான்சின், மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ ஆகிய பகுதிகளின் ஏரிகளில், நவம்பர் மாதத்தில். மீனின் பெயர் மஸ்கெலஞ்ச், சுருக்கமாக மஸ்கி. பைக் குடும்பத்தில் இதுவே பெரியது. ஓஜிப்வே மொழியில் 'கினோஷே' என்றால் பைக் மீன். அதன் முன் ஓர் ஒட்டுச் சேர்ந்து 'மாஷ்கினோஷே' ஆகிறது. 'அழகற்ற பைக்' என்று பொதுவாகப் பொருள் சொல்வர். அதே ஒலித்தொடர் பிரெஞ்சுக்காரர் காதில் 'நீண்ட முகமூடி' என்று விழுந்தது. சொற்பிறப்பியலர் இரண்டாவதை நாட்டார் விளக்கம் என்று ஒதுக்கிவிடுவர். அம்மீனின் முகத்தை நேரில் பார்த்தவருக்கு ஒதுக்க மனம் வராது.

கோடையில் ஏரியின் வெதுவெதுப்பான மேல்நீர், குளிர்ந்த அடிநீரோடு கலவாமல் அடுக்காக மிதக்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகி இறங்க, அடுக்குகள் கலைந்து ஏரி முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வருகிறது. நீர் மிக அடர்த்தியாக இருப்பது ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில். அதற்கும் கீழே குளிரும் நீர் மேலேயே தங்கிப் பனிக்கட்டியாகிறது. அந்தக் கட்டத்தை நெருங்கும் சில வாரங்களே தூண்டிற்காரருக்குப் பொற்காலம். வசந்தத்தில் இடவேண்டிய முட்டைகளைப் பெண் மஸ்கிகள் இப்போதே வயிற்றில் வளர்க்கத் தொடங்கியிருக்கும். ஆண்டின் மிகக் கனத்த மீன்கள் இப்பருவத்தில்தான் சிக்குகின்றன.

படகுத்துறைகளில் வழங்கும் விதி எளியது. கோடையில் மணிக்கு 4, 5 மைல் வரையும் அதற்கு மேலும் இழு. நீர் 7 டிகிரிக்குக் கீழே போனால் 2 முதல் 3 மைலுக்குள் இறங்கு. காரணமும் கையோடு தரப்படும்: மீன் குளிர் இரத்தப் பிராணி, நீர் குளிர்ந்தால் அதுவும் மந்தமாகும், மந்தமான மீன் துரத்தாது.

இது பாதி உண்மை. குளிரில் செரிமானம் தாமதமாவதும் பசி குறைவதும் மெய்யே. ஆனால் மஸ்கி இரையை நெடுந்தூரம் துரத்திப் பிடிக்கும் வேட்டைக்காரன் அன்று. அசையாமல் நின்று, உடலை வளைத்து, ஒரே பாய்ச்சலில் முடிக்கும் இனம். அந்த நொடிப்பொழுது வேகம் குளிரில் குறைந்தாலும் முற்றிலும் முடங்கிவிடுவதில்லை. அவ்விதி கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: அந்த நீரில் மஸ்கி தின்பது எதை?

மினசோட்டாவின் வெர்மிலியன் ஏரியிலும், எல்லையைத் தாண்டி விரியும் லேக் ஆஃப் த வுட்ஸிலும் சிஸ்கோ என்னும் வெள்ளி நிற மீன் உண்டு. அது குளிர்நீரின் பிள்ளை. கோடையில் ஆழத்தில் ஒதுங்கியிருந்து, இலையுதிர் காலத்தின் இறுதியில் முட்டையிட ஆழம் குறைந்த பாறைத் திட்டுகளுக்குக் கூட்டமாக ஏறிவரும். குளிர் அதை மந்தமாக்குவதில்லை. விஸ்கான்சினின் கிரீன் பே வளைகுடாவில் நிலைமை வேறு. அங்கு அழிந்துபோயிருந்த பேரேரி மஸ்கி 1989 முதல் மீண்டும் விடப்பட்டுப் பெருகியது. அதன் இரைகளில் முக்கியமான ஒன்று கிசர்ட் ஷாட். நம் மத்திக்குத் தூரத்து உறவு. கடுங்குளிரில் அது தள்ளாடும், கூட்டமாகச் செத்தும் மிதக்கும். இரண்டு நீரிலும் வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டலாம். முதலாவதில் 3½ மைல் வேகத்தில் விரையும் போலி இரை இயல்பாகத் தோன்றும். இரண்டாவதில் 2 மைல் வேகத்தில் தடுமாறிச் செல்வதே இயல்பு.

இதைவிட நுட்பமான சிக்கல், வேகத்தை அளப்பதிலேயே இருக்கிறது. படகிலுள்ள ஜிபிஎஸ் கருவி காட்டுவது நிலத்தைச் சார்ந்த வேகம். போலி இரைக்கு நிலம் தெரியாது. அது அறிந்தது நீரை மட்டும். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஒரு பகுதியின் நீரோட்டம் மணிக்கு 1 மைல் என்று கொள்வோம். கருவியில் 3 என்று காட்ட ஓட்டத்தோடு போனால், இரை நீரில் நகர்வது 2 மைல் வேகத்தில். அதே 3-ஐ வைத்துக்கொண்டு எதிர்த்துத் திரும்பினால் 4 மைல். எண் மாறவில்லை, இரைக்கு வேகம் இருமடங்காகிவிட்டது. பெருங்காற்று நீரின் மேற்பரப்பைத் தள்ளும் அகன்ற ஏரிகளிலும் இதே குழப்பம், சிறிய அளவில். 'இங்கே' என்னும் சுட்டுச்சொல் பேசுபவர் நிற்கும் இடம் தெரியாமல் பொருள் தராது. 'மூன்று மைலில் கிடைத்தது' என்ற வாக்கியமும் அவ்வகையானதே. ஆனால் படகுத்துறையில் அது அளவீடு போலவே கைமாறுகிறது.

பழகிய தூண்டிற்காரர் ஆகவே திரையைவிடக் கழியின் நுனியையே அதிகம் பார்ப்பார். ஒவ்வொரு போலி இரைக்கும் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் உண்டு. கீழே போனால் அது நெளியாமல் மரத்துண்டாக வரும். மேலே போனால் பக்கவாட்டில் சாய்ந்து நீர்மட்டத்துக்கு ஏறிவிடும். இடைப்பட்ட வேகத்தில் அதன் துடிப்பு கயிறு வழியே கழியின் நுனிக்கு வந்து சேரும். அந்தத் துடிப்பு நின்றாலோ கனத்தாலோ கொக்கியில் இலையோ அழுகிய நீர்ப்பாசியோ சிக்கியிருக்கிறது. நவம்பரில் இது அடிக்கடி நேரும். கவனிக்காதவர் அரைமணி நேரம் பாசியை ஊர்வலம் கொண்டுபோவார்.

வளைவுகள் இன்னொரு ஆசான். படகு திரும்பும்போது உள்பக்கத்து இரை வேகம் குறைந்து தளரும், வெளிப்பக்கத்து இரை விரைந்து பாயும். தொடர்ந்து உள்பக்கமே கவ்வல் விழுந்தால், மீன் கேட்பது மெதுவான நடை. ஒரே இழுப்பில் இரண்டு வேகங்களைச் சோதிக்க இதைவிட மலிவான ஆய்வுமுறை கிடையாது. நேர்கோட்டில் மட்டுமே ஓட்டுபவர் அந்தத் தரவைத் தாமாகவே தொலைக்கிறார்.

மெதுவாகப் போவதற்கு விலையும் உண்டு. ஏக்கருக்கு முழு வளர்ச்சி பெற்ற மஸ்கி ஒன்றுகூட இல்லாத ஏரிகளே மிகுதி. 8 மணி நேரம் 2 மைல் வேகத்தில் சென்றால் 16 மைல் நீரைத் தொடலாம். 4 மைல் வேகத்தில் 32. வேகத்தைப் பாதியாக்குவது என்பது சந்திக்கக்கூடிய மீன்களையும் ஏறத்தாழப் பாதியாக்குவது. மீன்கள் எங்கே கூடியுள்ளன என்று தெரிந்தால் வேகத்தைக் குறைக்கலாம். தெரியாதபோது குறைப்பது, பொறுமை என்ற பெயரில் செய்யப்படும் வீண்செலவு. முதலில் விரைந்து தேடி, சிஸ்கோக் கூட்டம் ஒலிமானியில் தெரிந்தபின் தளர்த்துவதே அறிவுக்குப் பொருந்துவது. பலர் வெப்பமானியைப் பார்த்த உடனேயே தளர்த்திவிடுகின்றனர்.

கவ்வல் விழுந்தபின் படகை உடனே நிறுத்துவதில்லை. கயிறு தொய்ந்தால் கொக்கி கழன்றுவிடும் என்பதால் வேகத்தை மட்டும் தணிப்பார்கள். கையில் வரும் மீன் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பெண்ணாக இருக்கலாம். மினசோட்டாவில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்வதற்குப் பொதுவாகச் சட்டமே தடை. அதற்கு மேற்பட்டதையும் பெரும்பாலோர் விட்டுவிடுவர். குளிர்நீரில் பிராணவாயு மிகுதி. கோடையின் வெந்நீரில் போல மீன் களைத்துச் சாவது அரிது. ஆனால் உறைநிலைக்குக் கீழே இருக்கும் காற்று செவுள்களையும் கண்களையும் நொடிகளில் தாக்கும். எனவே மீன் வலைக்குள், நீருக்குள்ளேயே இருக்க, கொக்கிகளை வெட்டுக்குறடால் துண்டிப்பார்கள். புகைப்படத்துக்கு ஒரே தூக்கல்.

அவ்வேலையின்போது படகின் விளிம்பில் குனிந்திருப்பவர் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும். 4 டிகிரி நீரில் தவறி விழுந்தால் ஏறத்தாழ 10 நிமிடங்களில் கைகள் கயிற்றைப் பற்றும் வலுவை இழந்துவிடும். அந்நேரத்தில் ஏரியில் வேறு படகுகள் இருப்பது அரிது. கழியின் வளையங்களில் பனிக்கட்டி கட்டி, கயிறு உரசத் தொடங்கியிருக்கும். உள்வளைவுகளில் மெல்லிய பனித்தகடு படகைத் தடுக்கும்.