கலமும் உணவும்

உண்கலமும் உணவும் தம்முள் தொடர்பற்றவை அல்ல என்பதை முன்னைய அடுக்களை நன்கு அறிந்திருந்தது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திற் புளிக்கறி சமைத்தலாகாது, சமைப்பின் களிம்பேறும் என்பது எழுத்தறியாப் பெண்களும் கைக்கொண்ட விதியாகும். இன்றோ முதல்நாள் மிஞ்சிய கறி பிளாத்திக்குப் பெட்டியுடனேயே நுண்ணலை அடுப்பினுள் வைக்கப்படுகிறது. கலம் மாறியது, கலத்தைப் பற்றிய விழிப்புத் தளர்ந்தது.

இவ்விடயத்தில் மக்கள் அஞ்சுவது பெரும்பாலும் அஞ்சவேண்டாததற்கே. நுண்ணலை உணவுக்குக் கதிரியக்கம் ஊட்டும் என்பார் உளர், அக்கூற்றுக்கு ஆதாரமில்லை. வீட்டு அடுப்புகளிற் பயன்படும் 2450 மெகாஏர்ட்சு அலைகள் அணுக்களை அயனாக்கும் வலுவற்றவை. உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அலைத்து வெப்பமூட்டுவதே அவற்றின் தொழில். பிளாத்திக்கு அவ்வலைகளைப் பெரிதும் தன்னூடே செல்லவிடுகிறது. ஆகவே அதனைச் சூடாக்குவது அலையன்று. அதனுள் இருக்கும் உணவே. நீர்ப்பாங்கான உணவு ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் நின்றுவிட, எண்ணெயும் சீனியும் மிகுந்தவை அதனையும் கடந்து சூடேறும். அவ்வெப்பத்தில், பிளாத்திக்குடன் உறுதியாகப் பிணையாத சேர்பொருள்கள் உணவினுட் கசிகின்றன. கொழுப்பு அக்கசிவை எளிதாக்குகிறது.

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், மதுவம் ஈசுத்திரசன் என்னும் பெண்மை ஓமோனைத் தோற்றுவிக்கின்றதா என ஆராய்ந்தனர். அதனை ஒத்த பொருளொன்று கிடைத்தது. ஆயின் அது மதுவத்திலிருந்து வரவில்லை. நீராவி அமுக்கத்திற் சூடாக்கப்பட்ட பொலிகாபனேற்றுக் குடுவைகளிலிருந்து கசிந்த பிசுபீனோல் ஏ என்பதே அது. அப்பொருளின் ஓமோன் இயல்பு 1936இலேயே இலண்டனில் அறியப்பட்டிருந்தது. நடுநிலையானதென நம்பப்பட்ட கலமே ஆய்வினுட் புகுந்துவிட்டது.

2011இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2012இல் அமெரிக்காவும் குழந்தைகளின் பாற்போத்தல்களிலிருந்து இப்பொருளை விலக்கின. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2015இல் வகுத்த நாளாந்த எல்லையை 2023இல் 20,000 மடங்கு குறைத்தது. செருமனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அத்துணைக் கடுமையை ஏற்கவில்லை. அதே 2023இல் நெபிராஸ்கா பல்கலைக்கழக ஆய்வொன்று, சில குழந்தையுணவுக் கலங்களை நுண்ணலையில் 3 நிமிடம் சூடாக்கியபோது ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பிலிருந்து 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்பிளாத்திக்குத் துகள்கள் வெளிப்படக்கூடும் எனக் கண்டது. அவை உடலில் விளைப்பது யாதென்பது இன்னும் முடிவாகவில்லை.

இந்நிலையில் 'நுண்ணலைக்குப் பாதுகாப்பானது' என்னும் முத்திரையை எவ்வாறு கொள்வது? அது முதன்மையாகக் கலம் உருகாது, கோணாது என்பதற்கான உறுதியாகும், உண்பவனுக்கான உறுதியன்று. கசிவுக்குச் சட்டம் எல்லை வகுக்கிறதெனினும், அவ்வெல்லை அன்றன்றைய அறிவின் எல்லையே. பிசுபீனோல் ஏ இல்லை என விளம்பரப்படுத்தப்படும் கலங்கள் சிலவற்றில் அதன் உறவினமான பிசுபீனோல் எசு இடம்பெற்றமை இதனை மேலும் உணர்த்தும்.

ஒருவேளை உணவால் எவரும் நோயுறப்போவதில்லை, பீதி தேவையற்றது. ஆயினும் நாள்தோறும் நிகழும் சிறு கசிவு, உடல் நிறைக்கு ஒப்பிடுமிடத்துப் பெரியவரைவிடக் குழந்தைக்கே மிகுதியாகச் சேரும். உணவைக் கண்ணாடிக் கலத்திலோ பீங்கானிலோ மாற்றிச் சூடாக்குவதற்கு ஒரு நிமிடமே செல்லும். அறிவியலார் தம் கணக்கை முடிக்கும்வரை அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுதல் அச்சமன்று, விவேகமாகும்.